வியாழக்கிழமை நோயாளிகள்

"நான் மாத்திரைய விக்கல மேடம். ஒவ்வொரு அட்டையும் ஒரு ஆளு கையிலதான் குடுத்தேன். இப்ப அந்த ஆளுங்களே கிடையாதுன்றாங்க. அப்ப நான் யார் கையில குடுத்தேன்?"

ரோசம்மாள் இப்படிக் கேட்டுவிட்டு நர்மதாவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். திருவள்ளூர் ரயில் நிலையத்துக்கு எதிரே, ஜெராக்ஸ் கடையின் மாடியில் இருந்தது அந்தச் சிறிய அலுவலகம். மருந்துக் கட்டுப்பாட்டுத் துறையில் பல வருடங்கள் வேலை பார்த்துவிட்டு விலகிய நர்மதா, இப்போது மருந்து, காப்பீடு தொடர்பான சிக்கல்களைத் தனியாக விசாரித்துக் கொடுக்கிறாள். அவளோடு சேர்ந்து அலைபவன் ஜெகன். ஒரு மாலைப் பத்திரிகைக்குச் செய்தியும் எழுதுகிறவன். எந்த விஷயத்தைக் கேட்டாலும் பாதியிலேயே அவனுக்கு முடிவு தெரிந்துவிடும். அந்த முடிவு பெரும்பாலும் தவறாக இருக்கும்.

"முதல்லேர்ந்து சொல்லுங்க. அவசரமில்ல" என்றாள் நர்மதா.

ரோசம்மாள் சொன்னாள். 'நல்வழி' என்ற அறக்கட்டளை இரண்டு ஊர்களில் இலவச மனநல மருத்துவமனை நடத்துகிறது. செவ்வாய்க்கிழமை செவ்வாப்பேட்டையில், வியாழக்கிழமை கவரைப்பேட்டையில். இரண்டுக்கும் ஒரே டாக்டர், ரகு. கவரைப்பேட்டையில் மாத்திரை எடுத்துக் கொடுப்பவள் ரோசம்மாள். ஒரே மருந்துகள், ஒரே நேரம். சுற்றியுள்ள மக்கள்தொகையும் ஏறக்குறைய ஒன்றுதான். ஆனால் கவரைப்பேட்டையில் செலவாகும் மாத்திரை, செவ்வாப்பேட்டையைப்போல நான்கு மடங்குக்கும் மேல். அறக்கட்டளையின் மேலாளர் குப்புராஜுக்குச் சந்தேகம் வந்தது. நோயாளிகள் சொல்லியிருந்த முகவரிகளுக்கு ஆளனுப்பினார். பெரும்பாலான வீடுகளில் அப்படி ஒருவரும் இல்லை.

"அப்பால ஆதார் அட்டை காட்டினாத்தான் மாத்திரைன்னு சட்டம் போட்டாரு. அவ்ளோதான். வந்துக்கினு இருந்த கூட்டம் ஒரே வாரத்துல காணாம பூட்ச்சி. 'அட்டை கேட்டதும் உன் நோயாளிங்க ஆவியாயிட்டாங்க பாரு, அவங்க இருந்தாத்தானே வருவாங்க'ன்றாரு. டாக்டர் மாத்திரை எழுதுறவரு, நான் கைக்கு எட்டுற இடத்துல நிக்கிறவ. டாக்டரையும் என்னையும் சேத்துதான் மொதல்ல சந்தேகப்பட்டாரு. இப்ப என்னை மட்டும் வேலைய உட்டு நிறுத்திட்டாரு. அடுத்த திங்கக்கிழமை போலீசுக்குப் போறாங்களாம்."

ஜெகன் நாற்காலியின் நுனிக்கு வந்துவிட்டான். "மேடம், இது சிம்பிள். கும்மிடிப்பூண்டி பக்கம் நைட் ஷிஃப்ட் பசங்க போதைக்கு இந்த மாதிரி மாத்திரைய வாங்குறாங்க. இந்தம்மா செய்யலன்னா, பேர் மாத்திச் சொல்லி ஒரு கும்பலே வந்து வாங்கிட்டுப் போயிருக்கு."

"கும்பலா?" ரோசம்மாள் அவனை முறைத்தாள். "எங்கிட்ட வந்ததுல பாதிப் பேரு உங்கம்மா வயசுப் பொம்பளைங்க சார்."

நர்மதா புன்னகைத்தாள். "அந்தக் கூட்டம் எப்படி வரும்? அதைச் சொல்லுங்க. சின்ன விஷயமா இருந்தாலும் பரவால்ல."

"காலையில கொஞ்ச நேரம் சும்மா ஒக்காந்துக்கினு இருப்பேன். அப்பால தபதபன்னு எல்லாரும் ஒண்ணா வருவாங்க. பெஞ்சு முழுக்க சாப்பாட்டுக் கூடையும் தண்ணி பாட்டிலுமா இருக்கும். நெத்தியில விபூதி வெச்சுக்கினு சாமி கும்புட்டவங்க மாதிரி ஒக்காந்திருப்பாங்க. யாரும் யாரோடயும் பேசமாட்டாங்க. மாத்திரை கைக்கு வந்ததும் வேகவேகமா கிளம்பிடுவாங்க. ஒரு வயசான அம்மா, காலு வீங்கிக் கெடக்கு. பாவமேன்னு, 'நானே உங்க ஊட்டாண்ட கொண்டாந்து தரேன்'னு சொன்னேன். அதுக்குப் பதறிட்டாங்க. வேணாவே வேணான்னு கையெடுத்துக் கும்புட்டாங்க."

"வியாழக்கிழமை தவறாம வருவாங்களா?"

"தவறாம. ஒரே ஒரு வாரம்தான் யாரும் வரல. ஆடிக் கிருத்திகைக்கு அடுத்த வியாழக்கிழமை. டாக்டரு கார்ல வந்துட்டாரு, நானும் வந்துட்டேன். கூட்டம்னு சொல்ல ஒருத்தரும் இல்ல. மழை கூட இல்ல அன்னிக்கு. அடுத்த வாரம் ரெண்டு மடங்கு கூட்டம்."

"ஆடிக் கிருத்திகைக்கு அடுத்த வியாழனா?" ஜெகன் தலையைச் சொறிந்தான். "நல்லா ஞாபகம் இருக்கு. அன்னிக்குப் பெரம்பூர்ல என் மச்சான் நிச்சயதார்த்தம். கரண்டு கம்பியில மரம் விழுந்து நம்ம லைன்ல வண்டியே ஓடல. பட்டுவேட்டி கட்டிக்கினு மத்தியானம் வரைக்கும் பிளாட்பாரத்துல ஒக்காந்திருந்தேன். பேஜாராப் பூட்ச்சி."

நர்மதா அவனைப் பார்த்தாள். பிறகு ஜன்னலுக்கு வெளியே, சென்னைக்குக் கிளம்பிக்கொண்டிருந்த மின்சார ரயிலைப் பார்த்தாள்.

மறுநாள் செவ்வாய்க்கிழமை. இருவரும் செவ்வாப்பேட்டையில் இறங்கினார்கள். பேருந்து நிறுத்தத்துக்கு எதிரே, ரேஷன் கடைக்குப் பக்கத்துக் கட்டடம். வாசலுக்கு மேலே நீல நிறப் பலகையில் 'இலவச மனநல மருத்துவமனை' என்று சாலையின் மறுமுனைவரை தெரியும்படி எழுதியிருந்தது. நர்மதா அதன்கீழே நின்று நிதானமாகப் படித்தாள். அவள் படித்து முடிப்பதற்குள் பேருந்துக்குக் காத்திருந்தவர்கள் எல்லாரும் அவளைத் திரும்பிப் பார்த்துவிட்டார்கள். ரேஷன் கடை வரிசையில் நின்ற ஒரு அம்மா கிட்டேயே வந்துவிட்டாள்.

"யாருக்கும்மா? உனக்கா? இல்ல ஊட்ல யாருக்காவதா?"

"சும்மா டாக்டரைப் பார்க்க வந்தேன்மா."

"அதான் கேட்டேன்" என்று அந்த அம்மா அனுதாபத்தோடு தலையாட்டிவிட்டு வரிசைக்குப் போனாள். அங்கே போய்ப் பக்கத்திலிருந்தவளிடம் ஏதோ சொன்னாள்.

உள்ளே டாக்டர் ரகு தனியாக உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தார். மேலாளர் குப்புராஜும் வந்திருந்தார். பெஞ்சில் ஒரே ஒரு முதியவர் சுவரைப் பார்த்தபடி இருந்தார்.

"வித்தியாசம் எனக்கே ஆச்சரியமாத்தான் இருக்கு" என்றார் ரகு. முப்பத்தைந்து வயதுக்குள் இருக்கும். பேசும்போது கண்கள் பளபளத்தன. "ஆனா காரணம் இருக்குன்னு நினைக்கிறேன். அங்க உருக்காலை, ஷிஃப்ட் வேலை, தூக்கமின்மை, சொந்த ஊரை விட்டு வந்த தனிமை. இங்க நெல் வயல், சொந்த நிலம், சுற்றிலும் உறவு. மனசுக்கு இதைவிட என்ன வேணும்? நிலத்துக்கும் மருந்துக்கும் சம்பந்தம் இருக்கு. இதைப் பத்தி ஒரு மாநாட்டுல பேசப்போறேன்."

"அப்படின்னா அங்கேயும் நிஜமான நோயாளிங்க இருக்கணுமே டாக்டர்" என்றார் குப்புராஜ் வறட்டுக் குரலில். "நீங்க பார்த்தது முகத்தை. நான் தேடினது ஆளை. ஆள் இல்ல. யாரையோ செட் பண்ணி உட்கார வெச்சு, மாத்திரைய வாங்கி வெளிய தள்ளியிருக்காங்க."

"டாக்டர், உங்ககிட்ட ஒண்ணு கேக்கணும்" என்றாள் நர்மதா. "அவங்க நிஜமான நோயாளிங்கன்னா, இப்போ மாத்திரை நின்னு போனதால என்ன ஆகும்?"

ரகுவின் முகத்தில் இருந்த உற்சாகம் இறங்கியது. "அதுதான் எனக்குப் பயமா இருக்கு. சிலருக்குத் திடீர்னு நிறுத்தவே கூடாது. பழைய நிலைமைக்கே போயிடுவாங்க. சிலர் அதைவிட மோசமா."

அதன்பிறகு நர்மதா வேகமாக நடந்தாள்.

புதன்கிழமை மாலை அவர்கள் கவரைப்பேட்டையில் இருந்தார்கள். மருத்துவமனை நிலையத்திலிருந்து கூப்பிடு தூரத்தில், ஒரு சந்துக்குள், பலகை வெயிலில் வெளுத்துப்போன பழைய வீட்டில் இருந்தது. நர்மதா அங்கே நிற்காமல் நெடுஞ்சாலையோர டீக்கடைக்குப் போனாள். ஷிஃப்ட் முடிந்து வந்தவர்கள் கூட்டமாக நின்றார்கள். கழுத்தில் கம்பெனி அடையாள அட்டை, காலில் இரும்பு முனை வைத்த கனமான கறுப்பு ஷூ. ஜெகன் ஒவ்வொருவராக உற்றுப் பார்த்து, எவன் மாத்திரை வாங்குகிறவன் என்று கண்டுபிடிக்க முயன்றுகொண்டிருந்தான்.

நர்மதா ரோசம்மாளைக் கைபேசியில் அழைத்தாள். "ஆஸ்பத்திரி வாசல்ல செருப்பு கழட்டிப்போடுவாங்க இல்ல? அதுல கம்பெனிக்காரங்க போடுற இந்தக் கறுப்பு ஷூ எப்பவாவது பார்த்திருக்கீங்களா?"

"இல்ல மேடம். எல்லாம் ரப்பர் செருப்பு, பொம்பளைங்க செருப்புதான்."

"நன்றி. நாளைக்குக் காலையில நீங்க செவ்வாப்பேட்டை ஸ்டேஷனுக்கு வரணும்."

"செவ்வாப்பேட்டைக்கா? அங்க எனக்கு இன்னா வேலை?"

"வேலை ஒண்ணுமில்ல. பிளாட்பாரத்துல என்கூட நின்னா போதும்."

ஜெகன் டீ டம்ளரை வைத்துவிட்டுக் கேட்டான். "மேடம், திருட்டு நடந்தது இந்தக் கோடியில. நாம போறது அந்தக் கோடிக்கு. ஒண்ணுமே புரியல."

"திருட்டு நடந்ததுன்னு யார் சொன்னது?"

வியாழக்கிழமை காலை நடைமேடையில் வழக்கமான கூட்டம். அலுவலகம் போகிறவர்கள், கல்லூரிப் பெண்கள், பூக்கூடைக்காரிகள். ரோசம்மாள் சேலைத் தலைப்பை இழுத்துப் போர்த்திக்கொண்டு, நர்மதாவின் பக்கத்தில் தூணோரமாக நின்றாள். சென்னை போகும் வண்டி வருகிறது என்று அறிவிப்பு வந்தபோது அவளுடைய விரல்கள் நர்மதாவின் முழங்கையைப் பற்றின.

"மேடம். அந்தக் காலு வீங்கின அம்மா."

"வேற?"

"அதோ, குடை வெச்சிருக்கிறவரு. அப்பால அந்தப் பச்சைக் கூடைக்காரி… ஐயோ, இவங்கள்லாம் இங்க எப்படி?"

பச்சைக் கூடை வைத்திருந்த பெண்ணுக்கு முப்பது வயது இருக்கும். நெற்றியில் விபூதி. தற்செயலாகத் திரும்பியவள் ரோசம்மாளைப் பார்த்துவிட்டாள். அப்படியே நின்றுவிட்டாள். வண்டி வந்தது, கதவருகே ஆட்கள் முட்டிமோதினார்கள், வண்டி போயிற்று. அவள் ஏறவில்லை.

நர்மதா மெதுவாக அவளிடம் போய், காலியாக இருந்த பெஞ்சைக் காட்டினாள். "உங்களைக் காட்டிக் கொடுக்க வரல. இவங்களைக் காப்பாத்த வந்திருக்கோம். உட்காருங்க."

அவள் பெயர் தமிழ்செல்வி. அருகிலிருந்த கிராமத்தில், நிலபுலன் உள்ள வீட்டு மருமகள். இரண்டாவது குழந்தை பிறந்த பிறகு காதில் குரல்கள் கேட்க ஆரம்பித்தன. குழந்தையைக் கிணற்றில் போடச் சொல்லும் குரல். அவளுடைய அக்காதான் யாருக்கும் தெரியாமல் கவரைப்பேட்டைக்கு அழைத்துப் போனாள். மாத்திரை எடுத்த சில வாரங்களில் குரல்கள் அடங்கின. அன்றிலிருந்து ஒரு வியாழனும் தவறியதில்லை.

"ஊட்ல இன்னா சொல்லிக்கினு வருவீங்க?" ரோசம்மாள் கேட்டாள்.

"பாபா கோயிலுக்குப் போறேன்னுதான். வியாழக்கிழமைன்னா யாரும் ஒண்ணும் கேக்கமாட்டாங்க." தமிழ்செல்வி நெற்றியைத் தொட்டுக்கொண்டாள். "பேசின் பிரிட்ஜ்ல வண்டி மாறுவேன். இங்கியே ஆஸ்பத்திரி இருக்குது. ஆனா அந்த வாசப்படிய மிதிச்சா, நான் ஊடு போய்ச் சேர்றதுக்குள்ள எங்க மாமியாருக்குச் சேதி போயிருக்கும். எனக்கு இன்னும் ரெண்டு நாத்தனாருங்க கல்யாணத்துக்கு நிக்கிறாங்க. பைத்தியம் புடிச்ச குடும்பம்னு எவன் பொண்ணு எடுப்பான்? கொழந்தைய என் கையில குடுப்பாங்களா?"

"இப்போ மாத்திரை?"

"பாதி பாதியா உடைச்சுப் போட்டுக்கினு இருக்கேன். இன்னிக்காவது அட்டை கேக்காம குடுப்பாங்களான்னு பாக்கத்தான் கெளம்பினேன்." கூடையை மடியில் இழுத்து வைத்துக்கொண்டாள். "முந்தாநேத்து ராத்திரி திரும்பவும் கேட்டுச்சு. கொழந்தைய அக்கா ஊட்ல உட்டுட்டேன்."

ரோசம்மாள் அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். நர்மதா உடனே டாக்டர் ரகுவை அழைத்தாள். ஒரு மணி நேரத்தில் ரகு தன் காரிலேயே செவ்வாப்பேட்டைக்கு வந்து, நிலையத்துக்கு வெளியே காருக்குள் வைத்தே தமிழ்செல்வியிடம் பேசி மாத்திரை கொடுத்தார். திரும்பிப் போகும்போது அவர் மாநாட்டைப் பற்றி ஒரு வார்த்தையும் பேசவில்லை.

சனிக்கிழமை, கவரைப்பேட்டை மருத்துவமனையின் பின்னறையில் எல்லாரும் கூடினார்கள். குப்புராஜ் மேசைக்குப் பின்னால். மாத்திரை அலமாரியின் சாவி அவர் முன்னே கிடந்தது. ரகு ஜன்னலோரம். ரோசம்மாள் கதவருகே நின்றாள், உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை.

"கள்ள நோயாளிங்கன்னு சொன்னீங்க" என்று தொடங்கினாள் நர்மதா. "நோயாளிங்க நிஜம். முகவரிதான் பொய். இந்த ரெண்டையும் ஒண்ணாப் போட்டுக் குழப்பிக்கிட்டதுதான் சிக்கல்."

"நிரூபிக்கணும்" என்றார் குப்புராஜ்.

"பக்கத்துத் தெருவிலேர்ந்து வர்றவங்க எதுக்குச் சாப்பாட்டுக் கூடை கொண்டு வரணும்? ரோசம்மா சொன்னப்பவே எனக்கு அது உறுத்துச்சு. தூரத்துலேர்ந்து வர்றவங்கதான் கட்டுச்சோறு கட்டுவாங்க. வாசல்ல கழட்டிப்போட்ட செருப்புல இங்கத்த ஃபேக்டரி ஷூ ஒண்ணுகூட இருந்ததில்லையாம். எல்லாரும் ஒண்ணா வந்து ஒண்ணா ஓடினா, அது வண்டி நேரம். அதுவும் இன்னொரு வண்டியைப் பிடிக்கணும்ங்கிற ஓட்டம். வீட்டுக்கே மாத்திரை கொண்டுவரேன்னா நடுங்குறாங்க. அப்படின்னா அவங்க பயப்படுறது வீட்டுக்குத்தான், போலீசுக்கு இல்ல."

"இதெல்லாம் ஊகம்."

"சரி. ஆடிக் கிருத்திகைக்கு அடுத்த வியாழக்கிழமை இங்க யாருமே வரல. மாத்திரை செலவாகல. நீங்களே பாத்திருப்பீங்க." குப்புராஜ் தலையசைத்தார். "அன்னிக்கு இந்தக் கும்மிடிப்பூண்டி லைன்ல வண்டிங்க ஒழுங்கா ஓடிச்சு. ஓடாதது செவ்வாப்பேட்டை வழியாப் போற திருவள்ளூர் லைன்தான். ஜெகன் பட்டுவேட்டியோட மாட்டிக்கிட்ட அதே நாள். ரோசம்மா கள்ளப்பேர் எழுதித் திருடுறவங்களா இருந்தா, எங்கேயோ மரம் விழுந்ததுக்காக அன்னிக்கு மட்டும் ஏன் திருடாம இருக்கணும்? காகிதத்துல இருக்கிற நோயாளிக்கு ரயில் எதுக்கு?"

"அன்னிக்கு என் பக்கத்துல பச்சைக் கூடையோட ஒரு பொண்ணு உட்கார்ந்திருந்தாலும் நான் பார்த்திருக்கமாட்டேன்" என்றான் ஜெகன் தனக்குத்தானே.

குப்புராஜ் இன்னும் அசையவில்லை. அப்போது நர்மதா கதவைத் திறந்தாள். வெளியே தமிழ்செல்வி நின்றிருந்தாள்.

"பேரு எழுதமாட்டேன்னு இந்த மேடம் சத்தியம் பண்ணாங்க, அதான் வந்தேன்" என்றாள். வந்த காரணத்தையும், வண்டி மாறுவதையும், கோயில் பொய்யையும் தலை நிமிராமல் சொல்லி முடித்தாள். பிறகு ஒருமுறை நிமிர்ந்து குப்புராஜைப் பார்த்தாள். "இந்தக்கா ஒரு நாள்கூட 'நீ எந்த ஊரு, உனக்கு இன்னா'ன்னு கேட்டதில்ல சார். கேட்டிருந்தா அடுத்த வாரம் வந்திருக்கமாட்டேன். வராம இருந்திருந்தா இன்னிக்கு எங்கொழந்த உயிரோட இருந்திருக்குமான்னு தெரியல."

ரோசம்மாள் தனக்குப் போட்டிருந்த நாற்காலியைத் தமிழ்செல்வி பக்கம் நகர்த்தினாள்.

"அப்போ செவ்வாப்பேட்டையில நோய் குறைவுன்னு நான் நினைச்சது…" என்று ரகு மெல்லச் சொன்னார்.

"நோய் அங்கதான் இருக்கு டாக்டர். மருந்தை மட்டும் ரயிலேறி இங்க வந்து வாங்கிக்கிட்டுப் போறாங்க. அந்த நீலப் பலகைக்குக் கீழே நான் ஒரு நிமிஷம்தான் நின்னேன். அதுக்குள்ள ஒரு அம்மா எனக்குப் பைத்தியமா, என் வீட்டுக்காரங்களுக்கான்னு கேட்டுட்டாங்க."

ஜெகன் தன் கைபேசியை எடுத்தான். பத்திரிகைக்காகத் தட்டிவைத்திருந்த தலைப்பை ஒருமுறை படித்தான். பிறகு தமிழ்செல்வியைப் பார்த்தான். அழித்துவிட்டு, கைபேசியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டான்.

குப்புராஜ் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "அட்டை கேக்குறத நிறுத்திடலாம். செவ்வாப்பேட்டைப் பலகையையும் இறக்கச் சொல்றேன். காய்ச்சல், தலைவலி பாக்குற டாக்டர் ஒருத்தரையும் அங்க கூடவே உட்கார வெச்சா, யார் எதுக்கு வர்றாங்கன்னு தெரியாது." பிறகு ரோசம்மாள் பக்கம் திரும்பினார். "ஆனா எனக்கு ஒண்ணு மட்டும் விளங்கல. நீ கவரைப்பேட்டையிலேயே பொறந்து வளந்தவ. வந்தவங்கள்ல ஒரு முகம்கூட உனக்குத் தெரிஞ்ச முகமா இருந்திருக்காது. வெளியூர்க்காரங்கன்னு உனக்குத் தோணாமயா இருந்திருக்கும்? அப்பவே எங்கிட்ட ஏன் சொல்லல?"

"தோணிச்சு சார்."

"அப்புறம்?"

ரோசம்மாள் பதில் சொல்வதற்குள் ரகு திடீரென்று குறுக்கிட்டார். "ஒரு நிமிஷம். வாசல்ல ஒரு ஃபேக்டரி ஷூகூட இல்லன்னு சொன்னாங்களே. இங்க வந்ததெல்லாம் அந்தப் பக்கத்து ஆளுங்கன்னா, இந்தப் பக்கத்து ஆளுங்க எங்க? இவ்வளவு பெரிய தொழிற்பேட்டை. ஷிஃப்ட், உலைச் சூடு, தூக்கமில்லாத ராத்திரி, இதெல்லாம் பொய்யில்லையே. இவங்க யாருக்குமே ஒண்ணுமில்லையா?"

நர்மதா ஆர்வத்தோடு ரோசம்மாளைத் திரும்பிப் பார்த்தாள்.

"இருக்கு சார்" என்றாள் ரோசம்மாள். "இங்க வந்து ஒக்காந்தா சூப்பர்வைசர் காதுக்குப் போகும். மாத்திரை போடுறவன்னு தெரிஞ்சா உலையாண்ட நிக்க வுடமாட்டாங்க, வேலைய வுட்டே தூக்கிடுவாங்க. அதனால ஆந்திரா பார்டர் தாண்டி சூலூர்பேட்டைக்குப் போறாங்க. அங்க ஒரு டாக்டர் இருக்காரு. தெலுங்கு பேசுற ஊரு, நம்மள யாருக்கும் தெரியாது."

"உனக்கெப்படித் தெரியும்?" என்று கேட்டார் குப்புராஜ்.

"எங்க ஊட்டுக்காரரு அந்தோணிய மூணு வருஷமா நான்தான் கூட்டிக்கினு போறேன்."

குப்புராஜின் கை கண்ணாடியோடு அப்படியே நின்றது. அந்த அலமாரி முழுக்க அந்தோணி சாப்பிடும் அதே மாத்திரைகள் இருந்தன.

"அங்க…" அவர் கண்ணாடியை மேசைமேல் வைத்தார். "அங்க அட்டை கேப்பாங்களா?"

"இல்ல சார். பேரு மட்டும்தான் கேட்டாங்க." ரோசம்மாள் தரையைப் பார்த்தாள். "வேற பேருதான் சொன்னேன்."

குப்புராஜ் சாவியை எடுத்து, மேசையின்மேல் அவள் பக்கமாகத் தள்ளினார்.